நிலாவுக்கு அவசரம்

பள்ளிச் சேர்க்கை நாளன்று, தங்கள் குழந்தைகளுக்கு ஒன்றுமே தெரியாது என்பதை நிரூபிப்பதற்காகப் புதுச்செங்கோட்டுப் பெற்றோர்கள் விடியும் முன்பே வரிசையில் வந்து நின்றுவிடுவார்கள்.

அந்த வருடமும் அப்படித்தான் நின்றார்கள். கண்ணாடிக் கூரைக்கு மேலே செவ்வாய்க் கிரகத்தின் வானம் மெல்ல வெளுத்துக்கொண்டிருந்தது. வரிசையில் செங்கமலத்துக்கு முன்னால் நின்றவள் மோனிஷா, பக்கத்துக் குடியிருப்புக்காரி. இடுப்பிலிருந்த மகளை வருவோர் போவோருக்கெல்லாம் காட்டிப் பூரித்துப் போயிருந்தாள்.

"எங்கள் ஆத்யாவுக்கு ஒரு சொல்கூடச் சொந்தமாக வராது. 'அம்மா' என்பதைக்கூட வில்லைதான் சொல்கிறது" என்றாள்.

சுற்றி நின்றவர்கள் பொறாமையோடு பார்த்தார்கள். செங்கமலத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகள் பாவாயியின் கையை இறுக்கிப் பிடித்தபடி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வில்லை என்றால் நாவில்லை. பிறந்த நாற்பதாம் நாள் குழந்தையின் நாக்குக்கு அடியில் பதித்துவிடுவார்கள். மூளையில் ஓர் எண்ணம் எழுந்து, சொல்லலாம் என்று தோன்றியதுமே வில்லை அதைப் பிடித்துக்கொள்ளும். எதிரில் இருப்பவர் என்ன மொழிக்காரரோ அந்த மொழியில், அச்சில் வார்த்த வாக்கியமாக்கி வாய் வழியே அனுப்பும். துருக்கிக்காரரிடம் துருக்கி மொழி, ஜப்பான்காரரிடம் ஜப்பான் மொழி, தமிழரிடம் சுத்தமான தமிழ். ஆரம்பத்தில் இது அயல்மொழிகளுக்கு மட்டும்தான் இருந்தது. அப்புறம், எதற்குத் தாய்மொழியை மட்டும் தனியாகக் கஷ்டப்பட்டுக் கற்க வேண்டும் என்று யாரோ கேட்டார்கள். நியாயமான கேள்வி என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

அதிலிருந்து, சொந்த வாயால் பேசுவது வில்லை வாங்க வக்கில்லாத வீட்டின் அடையாளம் ஆகிவிட்டது. நாலு பேர் முன்னால் குழந்தை தானாக ஏதாவது பேசிவிட்டால் பெற்றவர்கள் வாயைப் பொத்தி உள்ளே இழுத்துக்கொண்டு போவார்கள்.

இத்தனைக்கும் அந்த ஊரை உருவாக்கியவர்கள் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களின் வாரிசுகள். ஆழ்துளைக் கிணறு போட ஊர் ஊராகப் போன கூட்டம். போன இடத்தில் மூன்றாம் மாதமே அந்த ஊர் மொழியைப் பிடித்துக்கொண்டு, அந்த மொழியிலேயே கூலித் தகராறு செய்து ஜெயித்துவிட்டு வரும். பூமியில் துளை போட இடம் தீர்ந்ததும், செவ்வாயின் அடியில் உறைந்து கிடக்கும் தண்ணீரைத் தேடி இங்கே வந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் இப்போது ஊமைச் சான்றிதழுக்கு வரிசையில் நிற்கிறார்கள்.

பள்ளியின் நடுக்கூடத்தில் நாற்காலி போட்டிருந்தது. மௌனத் தேர்வு அங்கேதான். குழந்தையை உட்கார வைத்து வில்லையின் இணைப்பை ஒரு நிமிடம் துண்டிப்பார்கள். தலைமையாசிரியை ஒரு பொம்மையைக் காட்டி "இது என்ன?" என்று கேட்பார். குழந்தை வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தால் தேர்ச்சி. வில்லை ஒழுங்காக வேரூன்றியிருக்கிறது, குறுக்கே வேறு சொல் எதுவும் முளைக்கவில்லை என்று அர்த்தம்.

ஆத்யா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வாயோரம் எச்சில் மட்டும் ஒழுகியது. எல்லோரும் கைதட்டினார்கள், மோனிஷா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்தது பாவாயி. நாலு வயது அப்போதுதான் முடிந்திருந்தது. அவளுக்கு வில்லையே கிடையாது. மூன்றாம் மாதத்தில் வில்லை பதித்த இடம் வீங்கிச் சீழ் பிடித்ததால் எடுத்துவிட்டார்கள். ஐந்து வயது வரை மறுபடி தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த இடைவெளியில் குழந்தை பேசக் கற்றுக்கொண்டது.

தலைமையாசிரியை யானைப் பொம்மையைக் காட்டினார். "இது என்ன?"

"யானைங்க" என்றாள் பாவாயி. பொம்மையை வாங்கித் தும்பிக்கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "இதுக்குச் சளி புடிச்சா எப்பிடிங்க சிந்தும்?"

கூடம் அதிர்ந்து போய்விட்டது. வரிசையில் நின்ற ஒரு தகப்பன் தன் பிள்ளையின் காதைப் பொத்தினான்.

தலைமையாசிரியை செங்கமலத்தைத் தனியே அழைத்தார். "தங்கள் குழந்தையின் நலனில் எங்களுக்கு மிகுந்த அக்கறை உண்டு" என்றது அவருடைய வில்லை. "வீட்டில் குழந்தையிடம் பேசுகிறீர்களா?"

"பேசறனுங்க. பெத்த புள்ளகிட்டப் பேசாம செவுத்துக்கிட்டயா பேசுவாங்க?"

"பேசாதீர்கள். குழந்தை குழம்பிப் போகிறது. ஐந்து வயதில் வில்லை பொருத்துவது சட்டப்படி கட்டாயம் என்பது தங்களுக்குத் தெரியும். அதற்கு முன் சொல்நீக்கச் சிகிச்சை செய்து அழைத்து வாருங்கள். வலிக்காது. மூன்று மாதத்தில் முளைத்த சொற்கள் அத்தனையும் உதிர்ந்துவிடும்."

"உதுரறதுக்கு அது என்னங்க, முடியா?" என்று செங்கமலம் போட்ட சத்தத்தில் வெளியே வரிசை கலைந்தது.

செங்கமலம் சும்மா வாய்ச்சண்டைக்காரி இல்லை. சட்டம் வருமுன்பே வளர்ந்துவிட்டதால் வில்லை பதித்துக்கொள்ளாதவள்; தற்கால மொழிகள் ஆய்வகத்தின் கடைசி ஆராய்ச்சியாளர். எல்லா மொழிகளும் வில்லைக்குள் வந்துவிட்டன, இனி கற்கவும் ஆராயவும் என்ன இருக்கிறது என்று சொல்லி ஆய்வகத்தை மூடிவிட்டார்கள். அந்த அறையில் இப்போது கூரை விரிசலுக்குப் பூசும் பசை டப்பாக்கள் அடுக்கியிருக்கின்றன. மரியாதைக்காக அவளுக்கு ஒரு நாற்காலியை விட்டு வைத்தார்கள். கொஞ்ச நாளில் அதன் மேலும் ஒரு டப்பா ஏறிவிட்டது.

மூடுவதற்கு முன்பும் பின்பும் அவள் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்ப எழுதினாள். வில்லைகள் தாமாக மொழியை உண்டாக்குவதில்லை. மனிதர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் அவை கற்றுக்கொள்கின்றன. இப்போது மனிதர்கள் பேசுவதே வில்லை வழியாகத்தான் என்றால், வில்லைகள் தங்கள் எச்சிலையே தாங்கள் விழுங்கிக்கொண்டிருக்கின்றன. வருடா வருடம் வாக்கியங்கள் குறைகின்றன. ஒரே வாரத்தில் ஒரு சாவு வீட்டிலும் ஒரு கல்யாண வீட்டிலும் வந்தவர்கள் எல்லோரும் "தங்கள் உணர்வைப் பகிர்ந்துகொள்கிறோம்" என்று சொன்னதை அவளே காதால் கேட்டாள். மாப்பிள்ளையின் அப்பாவும் நன்றி சொன்னார், செத்தவரின் பெண்டாட்டியும் நன்றி சொன்னாள். யாருக்கும் உறுத்தவில்லை. இவள் எழுதியதையும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்று மாலை அவள் கணவன் சென்னியப்பன் வேலை முடிந்து வந்தான். துளையிடும் தளத்தில் ரிக் ஓட்டுகிறவன். சாதுவான ஆள். வீட்டுக்குள் வந்ததும் வழக்கம்போல் நாக்கால் அழுத்தி வில்லையை அணைத்தான். நடந்ததைக் கேட்டுவிட்டுக் காலுறையைக் கழற்றியபடி மெதுவாகச் சொன்னான்.

"ஊரே பண்ணிக்குது. நாம மட்டும் எதுக்கு வீம்புக்கு நிக்கோணும்? நாளைக்கு இந்தப் புள்ளய எவன் சேத்துக்குவான்?"

"அப்ப உதுத்துப் போடலாம்கிறீங்களா? போன மாசம் நீங்க கோவிச்சுட்டுச் சாப்புடாம படுத்தப்ப உங்ககிட்ட வந்து என்ன சொன்னா? 'அப்பா, உன்ற வயிறு அழுவுது, எனக்குக் கேக்குது'ன்னா. எந்த வில்லை அதச் சொல்லும்? சொல்லுங்க மாமா, எந்த வில்லை சொல்லும்?"

சென்னியப்பன் காலுறையைச் சுருட்டி வைத்தான். போன மாதம் அந்த ராத்திரி அவன் எழுந்து சாப்பிட்டது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

பாவாயி வாய் திறந்து சொன்னதையெல்லாம் செங்கமலம் ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தாள். ஆராய்ச்சி புத்தி போகுமா? ஆய்வகம்தான் போயிற்று. அதில் அவளுக்கு ரொம்பப் பிடித்தது, பாவாயி இரண்டு வயதில் சொன்னது. செவ்வாய்க்கு இரண்டு குட்டி நிலாக்கள். அதில் பெரியது மேற்கே உதித்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிழக்கே ஓடி மறையும். கூரைக் கண்ணாடி வழியாக அதைப் பார்த்த குழந்தை, "நிலாவுக்கு அவசரமா ஒண்ணுக்கு வருது" என்று சொல்லிவிட்டு 'ஹிஹிஹி' என்று சிரித்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், எங்கிருந்தும் எடுக்காமல், தன் அவசரத்தை வானத்தின் மேல் ஏற்றி ஒரு வாக்கியம். அன்றைக்குச் செங்கமலம் தனியாக உட்கார்ந்து அழுதாள்.

அடுத்த சில மாதங்கள் அவள் சட்டத்தோடு மல்லுக்கட்டினாள். விலக்கு கேட்டு மனு, மேல்மனு, மன்றாட்டு. போகிற இடமெல்லாம் "தங்கள் உணர்வைப் பகிர்ந்துகொள்கிறோம்" என்றே சொல்லி அனுப்பினார்கள். பாவாயிக்கு ஐந்தாவது பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் தளத்தில் விபத்து நடந்தது.

சென்னியப்பன் துளைவாயில் நின்று கம்பியை இறக்கிக்கொண்டிருந்தான். தூரத்து அறையில் அவன் உதவியாளன் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தான். திடீரென்று பாறைக்குள்ளிருந்து இதுவரை கேட்டிராத ஒரு சத்தம் வந்தது. அனுபவசாலி என்பதால் ஏதோ வெடிக்கப் போகிறது என்று தெரிந்துவிட்டது. "கல்லு ஏப்பம் வுடுதுடா, நிறுத்து!" என்று கத்த நினைத்தான். ஆனால் தலைக்கவசத்தின் ஒலிபரப்பி, வில்லை வழியாக வரும் பேச்சை மட்டும்தான் அனுப்பும். அது பாதுகாப்பு விதி. கல் ஏப்பம் விடுவது பற்றி வில்லையிடம் வாக்கியம் எதுவும் இல்லை. அது தேடித் துழாவி, இருப்பதில் கிட்டத்தட்டப் பொருந்துவதை எடுத்துப் பேசியது.

"பணி திருப்திகரமாக நடைபெறுகிறது. தொடரவும்."

உதவியாளன் அழுத்தத்தைக் கூட்டினான். உப்புத்தண்ணீர் பீறிட்டு அடித்ததில் கம்பி முறிந்து சென்னியப்பனின் வலது கால் மேல் விழுந்தது.

கால் முழங்காலோடு போயிற்று. மருத்துவமனையில் கண் விழித்ததும் அவன் செய்த முதல் காரியம், வாய்க்குள் விரலை விட்டு வில்லையைப் பிடுங்கி எறிந்ததுதான். வாயெல்லாம் ரத்தம். "இந்தச் சனியன என்ற வாயில இத்தன வருசம் வெச்சிருந்தனே" என்று சொல்லி அழுதான். செங்கமலம் அவன் வாயைத் துடைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் ஒரு தக்காளிக் கூடையோடு வந்து சேர்ந்தார் யுகேந்திரன். வில்லை தயாரிக்கும் நாவளம் நிறுவனத்தின் தலைமை அதிகாரி. வயது அறுபதை நெருங்கியிருக்கும். கட்டிலருகே நின்று கைகூப்பினார்.

"தங்கள் உணர்வைப் பகிர்ந்துகொள்கிறோம்" என்றது வில்லை.

"முதல்ல அத அணைச்சுப்போட்டுப் பேசுங்க" என்றாள் செங்கமலம். "இல்லீன்னா தக்காளியத் தூக்கிட்டு வெளிய போங்க."

யுகேந்திரன் தயங்கினார். பிறகு நாக்கால் அழுத்தி வில்லையை அணைத்தார். வெகுநேரம் வாய் திறந்து திறந்து மூடியது.

"எனக்கு... பேசியே ரொம்ப வருசம் ஆச்சுங்க" என்றார். குரல் கரகரத்தது. "நீங்க எழுதுனதெல்லாம் சரிதானுங்க. நாங்க... படிக்கல. இப்ப இதே மாதிரி நாலஞ்சு எடத்துல ஆயிப்போச்சு. வில்லைக்குப் புதுப் பேச்சு வேணுமுங்க. தானாப் பேசற புள்ளைங்க வேணும். இந்த ஊர்ல உங்க பாப்பா ஒண்ணுதான் இருக்குது."

"இது பெரிய வித்தையா? வில்லையக் கழட்டி எறிஞ்சுபோட்டு, பெத்தவங்கள அவங்கவங்க புள்ளைங்ககிட்டப் பேசச் சொல்லுங்க. பேசட்டும், கொஞ்சட்டும், திட்டட்டும். ரெண்டு வருசத்துல ஊரே பேசும்."

யுகேந்திரன் பயபக்தியோடு குறித்துக்கொண்டார். பிறகு, பாவாயியின் ஒலிப்பதிவுகளைக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். கொடுத்தால் அவளுக்கு வில்லையிலிருந்து விலக்கு வாங்கித் தருவது தன் பொறுப்பு என்றார்.

செங்கமலம் கொடுத்தாள். அதுதான் அவள் செய்த தவறு. வருடக்கணக்காக யாரும் சீந்தாத ஆராய்ச்சியை ஓர் ஆள் தேடி வந்து கேட்டதும் அவள் மனம் குளிர்ந்துவிட்டது. ஆராய்ச்சிக்காரர்களை ஏமாற்ற அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை; நீங்கள் எழுதியது சரிதான் என்று சொன்னால் போதும்.

ஊற்றுக் குழந்தைகள் திட்டம் அடுத்த மாதமே அறிவிக்கப்பட்டது. இயல்பாகப் பேசும் குழந்தைகள் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். அவர்களுக்கு ஜன்னல் வைத்த வீடு, பல்கலைக்கழகம் வரை இலவசப் படிப்பு, வில்லையிலிருந்து நிரந்தர விலக்கு. தகுதி உள்ளவர்களைத் தேர்ந்தெடுக்க ஒரு நுழைவுத் தேர்வு.

நுழைவுத் தேர்வு என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், ஊர் விழித்துக்கொண்டது. நேற்றுவரை குழந்தையின் வாயைப் பொத்தியவர்கள் இன்றைக்கு அதே வாயைப் பிளந்து வில்லையைப் பிடுங்கினார்கள். வீதிக்கு ஒரு மழலைப் பயிற்சி மையம் முளைத்தது. 'ஆறே மாதத்தில் இயல்பான பேச்சு உறுதி' என்று பலகை. கைக்குழந்தைகளுக்குத் தனி வகுப்பு, விடுதி வசதி உண்டு. கூட்டம் தாங்காமல் ஒரு மையம் பழைய மொழி ஆய்வகத்தையே வாடகைக்கு எடுத்தது. பசை டப்பாக்களை அப்புறப்படுத்தினார்கள்.

மோனிஷா ஒரு நாள் வழியில் பிடித்துக்கொண்டாள். "ஆத்யா இயல்புப் பாடத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. குறும்பில் மட்டும் சற்றுப் பின்தங்கியிருக்கிறாள். அதற்குத் தனிப்பயிற்சி வைத்திருக்கிறோம்."

குறும்புக்குத் தனிப்பயிற்சியா? செங்கமலம் ஆத்யா படிக்கும் மையத்துக்கே, தன் பழைய ஆய்வகத்துக்கே, நேராகப் போனாள். அவள் நாற்காலி இருந்த இடத்தில் ஓர் எந்திர ஆசிரியை நின்றது. எதிரே நாற்பது குழந்தைகள் கைகட்டி உட்கார்ந்திருந்தன. பாதிக் குழந்தைகளுக்கு வில்லை பிடுங்கிய புண்ணே இன்னும் ஆறியிருக்கவில்லை.

"நிலா ஏன் ஓடுகிறது?" என்று எந்திரம் கேட்டது.

"நிலாவுக்கு அவசரமா ஒண்ணுக்கு வருது!" என்று நாற்பது குரல்கள் ஒரே சுருதியில் கத்தின.

"சிரிப்பு?"

"ஹி. ஹி. ஹி."

"ஆத்யா, மூன்றாவது 'ஹி' தாமதம். மறுபடியும்."

செங்கமலம் குழந்தைகளுக்கும் எந்திரத்துக்கும் நடுவே போய் நின்றாள். "நிறுத்துங்க!" என்று போட்ட கத்தலில் சில குழந்தைகள் அழத் தொடங்கின. அந்த அறையில் அன்று கேட்ட ஒரே இயல்பான சத்தம் அதுதான். அழுகை பாடத்திட்டத்தில் இல்லை என்று எந்திரம் அறிவித்தது.

பின்னாலேயே ஓடி வந்த மோனிஷா வழி மறித்தாள். "தங்கள் குழந்தை முன்னேறலாம், எங்கள் குழந்தை முன்னேறக் கூடாதா?"

"முன்னேறட்டும் தாயி, நானா வேண்டாங்கறேன்? இத்தன கொடுமை எதுக்குங்கறேன். வீட்ல அதுகூட நீங்களே நாலு வார்த்தை பேசுனாப் போதுமில்ல?"

மோனிஷா வாயைத் திறந்தாள். நாற்பதாம் நாளிலேயே வில்லை பொருத்தப்பட்ட முதல் தலைமுறை அவள். மகளிடம் பேச அவளுக்கென்று ஒரு சொல்லும் இல்லை. அவள் கண் கலங்கியது, உதடு துடித்தது, என்னவோ சொல்லத் தவித்தாள்.

"அதற்கு எங்களுக்கு நேரம் இல்லை" என்று சொல்லி முடித்தது வில்லை.

அவளிடம் கோபப்பட முடியவில்லை. அதனால் மீதிக் கோபமும் யுகேந்திரன் கணக்கில் சேர்ந்தது. ஆனால் அவர் விலக்கு தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்; பாவாயியின் பிறந்தநாளுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. செங்கமலம் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

தேர்வுக்குப் பாவாயியும் வந்தாக வேண்டும் என்று தகவல் வந்தது. விதி எல்லோருக்கும் ஒன்று, வெறும் சம்பிரதாயம்தான் என்றார்கள். சென்னியப்பன் செயற்கைக் கால் பொருத்தி அப்போதுதான் நடை பழகிக்கொண்டிருந்தான். வாசல்வரை வந்து மகள் தலையைத் தடவினான். "நீ எப்பவும் பேசற மாதிரி பேசு சாமி. அது போதும்."

தேர்வுக் கூடத்தில் யுகேந்திரனும் இன்னும் இரண்டு அதிகாரிகளும் உட்கார்ந்திருந்தார்கள். யுகேந்திரனின் வில்லை மறுபடி வேலைக்கு வந்திருந்தது. சுவரில் நிலா ஓடும் படம். முதலில் ஆத்யா. கண்ணை அகல விரித்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, "நிலாவுக்கு அவசரமா ஒண்ணுக்கு வருது" என்றாள். மூன்று 'ஹி'யும் சரியான இடைவெளியில் விழுந்தன. அதிகாரிகள் நெகிழ்ந்து போனார்கள். என்ன இயல்பு, என்ன இயல்பு என்று ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள்.

பிறகு பாவாயி.

"நிலா ஏன் ஓடுகிறது?"

பாவாயி படத்தை அண்ணாந்து பார்த்தாள். முன்பு சொன்னது நினைவில்லாமல் இல்லை. ஆத்யா சொன்னதும் காதில் விழுந்திருந்தது. ஆனால் அதெல்லாம் பழைய சங்கதி.

"அது அப்பவே ஒண்ணுக்குப் போயிட்டு வந்துருச்சுங்க" என்றாள். "இப்பக் கை கழுவப் போவுது."

செங்கமலம் அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. அதிகாரிகள் விடைக்குறிப்பைப் புரட்டினார்கள். முன்னும் பின்னும் தேடினார்கள். ஒருவர் வருத்தத்தோடு உதட்டைப் பிதுக்கினார்.

"விடை பொருந்தவில்லை" என்றார் யுகேந்திரன். "சிரிப்பும் இல்லை. தேர்ச்சி பெறவில்லை."

செங்கமலம் எழுந்து மேசையருகே போனாள். "உங்க விடைக்குறிப்புல இருக்கறதே இவ சொன்னதுதானுங்க! இவ வாயில இருந்து எடுத்து எழுதிக்கிட்டு, இவளுக்கே பேச வரலீங்கறீங்களா?"

"ஆம், இவள் சொன்னதுதான். அதனால்தான் அது சரியான விடை. அதை இவளே மறந்துவிட்டாள் என்பதுதான் வருத்தம்."

"மறக்கலீங்க. இவ வளந்துட்டா! ரெண்டு வயசுல சொன்னதையே சாகற வரைக்கும் சொல்றதுக்குப் பேரு பேச்சா? உங்களுக்கு வேணும்னு கேட்டதே புதுப் பேச்சுத்தான். கண்ணு முன்னால இப்பப் பொறந்துச்சே ஒண்ணு, காதுல விழுகலியா?"

"பாடத்திட்டத்துக்கு வெளியே இருக்கிறது" என்றார் யுகேந்திரன். ஒரு கணம் அவர் நாக்கு வில்லையை அணைக்கப் பார்ப்பதுபோல் கன்னம் அசைந்தது. பக்கத்தில் இருந்த இருவரையும் பார்த்தார். கன்னம் அடங்கிவிட்டது.

"கவலை வேண்டாம்" என்று அவர் வில்லை தொடர்ந்தது. "ஐந்து வயதில் புதிய பதிப்பு வில்லையைப் பொருத்திவிடலாம். முன்பு போல் இல்லை. அதில் மிக இயல்பான மழலை இருக்கிறது."

"யாரோட மழலைங்க அது?"

"தங்கள் மகளுடையதுதான்."

செங்கமலம் மகளைத் தன் பக்கம் இழுத்து நிறுத்திக்கொண்டாள்.

"வில்லை வேண்டாமென்றால் இன்னொரு வழி உண்டு" என்றார் இன்னோர் அதிகாரி இரக்கத்தோடு. "குழந்தைக்குத் திறமை இருக்கிறது. பயிற்சிதான் போதவில்லை. பிறந்தநாளுக்கு முன் ஒரு மறுதேர்வு வைக்கிறோம். நல்ல மையமாகப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை. அதுவரை வீட்டில் குழந்தையிடம் பேசாதீர்கள். குழந்தை குழம்பிப் போகிறது."

செங்கமலம் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

நீண்ட தாழ்வாரம். இரண்டு பக்கமும் தேர்வுக்குக் காத்திருந்த குழந்தைகள். ஒவ்வொரு குழந்தையின் முன்னாலும் ஒரு தாயோ தகப்பனோ முட்டிபோட்டு உட்கார்ந்து, விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நிலாவுக்கு அவசரமா ஒண்ணுக்கு வருது, ஹி, ஹி, ஹி. கடைசி நேரத்துத் திருப்புதல். தாழ்வாரம் முழுக்க அந்த ஒரே வாக்கியம்தான் கேட்டது.

பாவாயி இடுப்பிலிருந்தபடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு அம்மாவின் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள்.

"ஏம்மா, இவங்க நிலா மட்டும் இன்னுமா போகல?"

அமைதி காக்கவும் என்று எழுதியிருந்த பலகைக்குக் கீழே செங்கமலம் நின்றாள். தாழ்வாரத்தின் அந்தக் கோடி வரை கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னாள்.

"அடக்கி வெக்கச் சொல்லியிருக்காங்க கண்ணு."